காசல்ரீ, மவுசாக்கலை பக்கம் மூன்று நாள் தூண்டில் பயணம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தைக்காரன் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். வெள்ளவத்தைக் கடற்கரைக் கல்லில் நின்று தூண்டில் போட்டும், லீவு நாட்களில் பொல்கொடைப் பக்கம் போயும் எனக்குப் பழக்கம் இருக்கிறது. ஆனால் மலைநாட்டுத் தண்ணீரில் இதுவரை போட்டதே இல்லை. பெப்ரவரியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு எடுத்துக்கொண்டு மேலே போகலாம் என்று நானும் மச்சானும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவனுடைய மகன் பத்து வயதுப் பிள்ளை, தானும் வந்தே தீருவேன் என்று நிற்கிறான். அப்பாவும் வருவார் போலத் தெரிகிறது, அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் தூண்டிலைக் கையில் கொடுத்தால் நாள் முழுக்க இருப்பார்.

நான் போட்டிருக்கிற திட்டம் இதுதான். வெள்ளி விடிய வேனில் வெளிக்கிட்டு கித்துல்கலையில் ஆற்றில் கொஞ்ச நேரம், பின்னேரம் காசல்ரீ நீர்த்தேக்கம். சனி முழுக்க மவுசாக்கலை நீர்த்தேக்கம். ஞாயிறு அதிகாலை ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் ட்ரௌட் மீன், திரும்பும்போது நுவரெலியாவில் கிறகரி வாவி, நேரம் மிஞ்சினால் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம்.

இது சரிவருமா? அனுமதி யாரிடம் எடுக்க வேண்டும், என்ன இரை கொண்டுபோக வேண்டும், கடலுக்குப் போடுகிற தடியே போதுமா? பிள்ளையும் வயதானவரும் வருவதால் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னால் பெரிய உதவி.

டிக்கோயா மண் எழுதியது:

தம்பி, உன் திட்டத்தை வாசித்தேன். மூன்று நாளில் ஆறு இடம். இப்படிப் போனால் தூண்டில் பிடிக்கிற நேரத்தைவிட வேனுக்குள் இருக்கிற நேரம்தான் கூட. நான் டிக்கோயாவிலேயே பிறந்து வளர்ந்தவன், வேலை நிமித்தம் கொழும்பில் இருந்தாலும் காசல்ரீக் கரை எனக்கு வீட்டு முற்றம் மாதிரி, அதனால் உரிமையோடு சொல்கிறேன்: ஒரே தண்ணீரில் இரண்டரை நாள் இரு. மற்றதெல்லாம் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

முதலில் ஹோர்ட்டன் சமவெளியை எடுத்துவிடு. 1988இலிருந்து அது தேசிய பூங்கா, அங்கே தூண்டில் போடுவது சட்டவிரோதம், பையில் தடியோடு வாசலில் நின்றாலே பிரச்சினை. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரௌட்டைக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டார்கள். முதலில் விட்ட பழுப்பு ட்ரௌட் இங்கே பெருகவில்லை, பிறகு வந்த வானவில் ட்ரௌட்தான் நிலைத்தது. அது அங்குள்ள ஓடைகளுக்கே உரிய சின்ன இறால் வகையைத் தின்று தீர்க்கிறது என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள், அதனால் ட்ரௌட் குறைந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனாலும் அது பூங்காக்காரர் பார்க்க வேண்டிய வேலை. ட்ரௌட்டுக்கு நல்ல குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும், அதனால் கீழே நீர்த்தேக்கத்தில் அதைத் தேடவும் வேண்டாம்.

கித்துல்கலையையும் விடு. இதை வலியுறுத்திச் சொல்கிறேன். காசல்ரீயில் தேங்குவது கெஹெல்கமு ஓயா, மவுசாக்கலையில் தேங்குவது மஸ்கெலி ஓயா, இரண்டும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை. இடையில் நோட்டன், கெனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று அணையும் மின்நிலையமுமாக வரிசையாக இருக்கின்றன. கித்துல்கலையில் ஆறு எவ்வளவு ஓடும் என்பதை மேலே மின்நிலையத்தில் தண்ணீர் விடுகிற நேரம்தான் தீர்மானிக்கிறது. கல்லில் காலை வைத்து நிற்கும்போது முழங்காலளவு இருந்த தண்ணீர் சிறிது நேரத்தில் இடுப்புக்கு வரும், வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. பத்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நடு ஆற்றுக் கல்லுக்குப் போகவே போகாதே. எந்த அணைக்கும் கீழே ஆற்றுப் படுக்கையில் இறங்காதே, சைரன் கேட்டால் சாமானை விட்டுவிட்டு ஏறு.

இனி காசல்ரீ. 1965இல் கட்டிய அணை, கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பெப்ரவரியில் வருகிற தண்ணீர் குறைவு, சுரங்கம் வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போவது மட்டும் நிற்காது, அதனால் கரை நாளுக்கு நாள் கீழே இறங்கும். நிறைந்து கிடக்கும்போது தேயிலை ஓரம் வரைக்கும் தண்ணீர் நிற்கும், அந்த மாதத்தில் போனால் இடையில் பெரிய வெறும் செம்மண் சரிவு தெரியும். இது தூண்டில்காரனுக்கு நல்லதுதான், நிறைந்த நாட்களில் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். மேட்டு முனை ஒன்று தண்ணீருக்குள் நீண்டு போகிற இடம், தோட்டத்து ஓடை வந்து விழுகிற சின்னக் குடா, பழைய ஓடைத் தடம் இன்னும் ஆழமாகப் போகிற இடம், இந்த மூன்றையும் தேடு. ஓடை வாயில் தண்ணீர் கலங்கலும் தெளிவும் சேர்கிற கோடு ஒன்று தெரியும், அந்தக் கோட்டிலேயே இரையைப் போடு.

ஒரு ஆபத்து இருக்கிறது. தண்ணீர் புதிதாக இறங்கிய கரை மேலே வெடித்துக் காய்ந்தது போலத் தெரியும், கீழே வண்டல். காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் போகும். நீளமான கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு குத்திப் பார்த்துப் பார்த்து இறங்கு. அப்பாவை அந்தச் சரிவில் இறக்காதே. கல் பாவிய கரை, கெட்டியான மேட்டு முனை எல்லாம் உண்டு, அவருக்கு ஒரு கதிரையும் தொப்பியும் போதும்.

மவுசாக்கலையை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. 1969இல் அந்த அணை வந்தபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. நன்றாக வற்றுகிற வருடங்களில் பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் வெளியே தெரியும், ஊர்ச்சனம் போய்க் கும்பிடும். அந்த இடத்தில் தூண்டில் போட வேண்டாம் தம்பி. சுவரில் கொளுக்கி மாட்டி அறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் பாட்டன்மார் விளக்கு வைத்த இடம் அது.

பொல்கொடைக் கரை எழுதியது:

மேலே சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் உடன்பாடு. இரை, தடி விஷயத்தை நான் சொல்கிறேன்.

கடலுக்குப் போடுகிற தடியைக் கொண்டுபோக வேண்டாம். அதன் நுனி விறைப்பு, திலாப்பியா தொட்டுவிட்டுப் போனால் கைக்கே தெரியாது. ஏழு எட்டு அடியில் நடுத்தரமான ஸ்பின்னிங் தடி, 3000 அளவு ரீல், 0.28 அல்லது 0.30 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), இது இருந்தால் நீர்த்தேக்கக் கரைக்குப் போதும். புறக்கோட்டையில் தேடினால் இந்த அளவுச் சாமான் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கும். தங்கூசியை மட்டும் புதிதாக வாங்குங்கள், வெயிலில் கிடந்த பழைய நூல் பெரிய கார்ப் மீன் ஒன்று இழுக்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

ஆளுக்கு ஒரு தடியில் கார்ப், இன்னொன்றில் திலாப்பியா என்று பிரித்துக்கொள்ளுங்கள். திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்த மீன், இன்று நாட்டின் எல்லாக் குளத்திலும் இருக்கிறது. மலைத் தண்ணீரில் கொஞ்சம் மெதுவாக வளரும், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு மிதவை, 10 அல்லது 12 இலக்கக் கொளுக்கி, மண்புழுத் துண்டு அல்லது பாண் உருண்டை. கரையோரம் வெயில் படுகிற ஆழம் குறைந்த இடத்தில் போடுங்கள். மிதவை முதலில் நடுங்கும், அப்போது இழுக்கக் கூடாது. நடுக்கம் நின்று பக்கவாட்டில் வழுக்கிப் போகத் தொடங்கும்போது மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும்.

கார்ப் அடியில் மேய்கிற மீன். ஓட்டை ஈயக்குண்டு, அதற்குக் கீழே ஓரடி நூல், 6 அல்லது 8 இலக்கக் கொளுக்கி. இரைக்கு நான் செய்வது அவித்த உருளைக்கிழங்கு, கோதுமை மா, தேங்காய்ப் புண்ணாக்குத் தூள் மூன்றையும் பிசைந்து, ரொட்டி மாவை விட இறுக்கமாக உருட்டுவது. தண்ணீர் கூடினால் வீசும்போதே கழன்று போகும். அதே புண்ணாக்கை ஊறவைத்து, உருண்டையாக்கி, தூண்டில் போடப்போகிற இடத்தில் முதல்நாள் பின்னேரமே நாலைந்து எறிந்துவிட வேண்டும். ஒரே இடத்தில் இரு என்று டிக்கோயா அண்ணன் சொல்வதற்கு என் பக்கக் காரணம் இதுதான். வெள்ளி பின்னேரம் போட்ட புண்ணாக்குக்கு சனிக்கிழமை மீன் வந்து மேயும், நீங்கள் அந்த நேரம் வேறு கரையில் நின்றால் என்ன பிரயோசனம்?

ஒரு விஷயம் மட்டும், விடியற்காலை ஐந்தரைக்குக் கரைக்குப் போய்விட வேண்டும். எங்கே போனாலும் அதுதான் நேரம்.

டிக்கோயா மண் எழுதியது:

கடைசி வரியில் மட்டும் மறுக்கிறேன். பொல்கொடையில் அது சரி, அங்கே ஒன்பது மணிக்கே வெயில் கொதிக்கும். மேலே பெப்ரவரி விடியலில் தண்ணீருக்கு மேல் ஒரே பனிமூட்டம், மேல்தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், திலாப்பியா அசையாது. எட்டு எட்டரைக்கு வெயில் கரையில் விழுந்த பிறகுதான் கரையோரத்துக்கு வரும். அதிலிருந்து பதினொன்று வரைக்கும், பிறகு மூன்று மணியிலிருந்து இருட்டுவதற்கு முந்தி வரைக்கும் நல்ல நேரம். கார்ப் காலையிலும் எடுக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயதானவரையும் பிள்ளையையும் ஐந்தரைக் குளிரில் எழுப்பிக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை.

பொல்கொடைக் கரை எழுதியது:

திலாப்பியாவுக்குச் சரி அண்ணே. கார்ப்புக்கு நான் விடியலில்தான் நிற்பேன். இவர்களில் ஒருவர் விடியவே போகட்டும், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

நாங்களும் பிள்ளைகளோடு போய் வருகிற ஆட்கள். மீன் பற்றி மேலே எல்லாம் வந்துவிட்டது, யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன்.

பெப்ரவரி என்றால் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் நடக்கும். வார இறுதியிலும் போயாவிலும் ஹற்றனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வரைக்கும் பஸ்ஸும் வேனும் நிறைந்து நிற்கும், அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். அதனால் தங்குவதை டிக்கோயா அல்லது காசல்ரீக் கரைப் பக்கம் இப்போதே பதிந்துவிடுங்கள். முடிந்தால் வெள்ளி, சனி, ஞாயிறை விட்டு செவ்வாய், புதன், வியாழன் எடுங்கள், அந்த நேரம் ரோட்டும் கரையும் அமைதியாக இருக்கும். போயா வருகிற நாளைத் தவிர்த்துவிடுங்கள். மலைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு போகிற சனம் நடந்து போகும்போது பக்கத்தில் நின்று மீன் பிடிப்பது மனதுக்கு நன்றாக இராது.

பிள்ளைக்கு மிதவை அங்கி கட்டாயம், படகில் ஏறாவிட்டாலும் கட்டாயம். கரை வழுக்கும், தண்ணீர் குளிர், அந்தக் குளிரில் விழுந்தால் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கே மூச்சுத் திணறும். வாடகைக்கு எடுக்கிற இடத்தில் சின்ன அளவு இருக்காது, கொழும்பிலிருந்தே கொண்டுபோங்கள். அவன் தூண்டிலின் கொளுக்கி முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், விரலில் குத்தினாலும் இலகுவாகக் கழற்றலாம், சின்ன மீனைச் சேதமில்லாமல் திருப்பி விடவும் அதுதான் நல்லது. ஒருவர் வீசும்போது மற்றவர்கள் பின்னால் நிற்கக் கூடாது என்று வேனிலேயே சொல்லிக் கொடுங்கள்.

மழை இல்லாவிட்டாலும் காலைப் பனியில் புல்லுக்குள் அட்டை இருக்கும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறைக்கு மேலே சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. அப்பாவுக்கு இழுப்பு இருந்தால் பம்ப், மப்ளர், கம்பளிக் காலுறை. பகல் வெயிலைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், ஆறு மணிக்குப் பிறகு குளிர் சட்டென்று இறங்கும்.

இன்னொன்று, இது என் மனதில் கிடக்கிறது. அறுந்த தங்கூசியைக் கரையில் விடாதீர்கள். கொக்கின் கால் இரண்டும் நூலில் சிக்கி, அது கொத்திக் கொத்தி அவிழ்க்கப் பார்த்துக்கொண்டு நிற்பதை என் மகள் பார்த்து அழுதாள். ஒரு வெற்றுப் போத்தல் வைத்துக்கொண்டு நூல் துண்டுகளை அதற்குள் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள்.

வெள்ளவத்தைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நீங்கள் இவ்வளவு விபரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ட்ரௌட், கித்துல்கலை, கிறகரி, மேல் கொத்மலை எல்லாவற்றையும் வெட்டிவிட்டோம். மச்சான் லீவு பேசிவிட்டான், செவ்வாயிலிருந்து வியாழன் வரைக்கும், போயா இல்லாத வாரம். மூன்று நாளும் காசல்ரீ, புதன் மத்தியானம் மட்டும் மவுசாக்கலை பார்க்கப் போய் வருவோம், தடி இல்லாமல்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, அனுமதி. இரண்டு, பிடித்த மீனை எடுத்து வரலாமா? அப்பா கொழும்புக்குக் கொண்டுவந்து சொந்தக்காரருக்குப் பங்கு வைக்க வேண்டும் என்கிறார், பெரிய ரெஜிபோம் பெட்டி வேறு எடுத்து வைத்திருக்கிறார்.

டிக்கோயா மண் எழுதியது:

காசல்ரீ, மவுசாக்கலை இரண்டும் மின்சாரம் எடுக்கிற நீர்த்தேக்கங்கள். அணைக்கட்டு, வான்கதவு, சுரங்க வாய் இந்தப் பக்கங்களுக்குப் போகவே கூடாது, காவல் இருக்கும், ஒரு படம் எடுப்பதற்குக்கூட அங்கே நிற்காதே. மற்றக் கரைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டத்துப் பாதை வழியாகத்தான் இறங்க வேண்டும், அது தோட்டத்தின் இடம். வேனைக் கொண்டுபோய் நேரே இறக்கிவிடாமல், தோட்டக் கந்தோரில் யார், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போ. லயத்துப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப்) பக்கம் போனால் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேள், எந்தக் கரை கெட்டி, எது வண்டல் என்று அவருக்குத்தான் தெரியும். கொழுந்து எடுக்கிற ஆட்கள் வேலை செய்கிற வரிசைக்குள்ளால் தடியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம்.

இந்தத் தண்ணீரில் மீன்குஞ்சு விடுவதும் மீன்பிடியைப் பார்ப்பதும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை. அதன் கீழ் வலை போட்டுப் பிழைக்கிற மீன்பிடிச் சங்கத்தார் இருக்கிறார்கள். போகிறதுக்கு முதல் அதிகார சபைக்கு ஒரு போன் கோல் எடுத்து, கரையிலிருந்து தூண்டில் போட என்ன விதி என்று கேட்டுக்கொள். கரைக்குப் போனதும் சங்கத்து ஆட்களைக் கண்டு பேசு. வலை எங்கே கிடக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள், நீ அதில் கொளுக்கியை மாட்டி அறுக்காமல் இருக்கலாம். ஒரு வலை கிழிந்தால் அவர்களுக்கு அன்றைய உழைப்புப் போய்விடும்.

பெட்டி விஷயம். அப்பாவிடம் என் பேரில் சொல்லு. குஞ்சு விட்டு வளர்த்த மீன், அங்குள்ள குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. அன்றைக்கு இரவு சமைத்துச் சாப்பிட இரண்டு மூன்று எடுங்கள், மிச்சத்தை விடுங்கள், பெரிய கார்ப் என்றால் ஒரு படம் எடுத்துவிட்டு விடுங்கள். சொந்தக்காரருக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் சங்கத்தாரிடமே காலையில் விலைக்கு வாங்கி அந்தப் பெட்டியில் ஐஸ் போட்டு வா. அவருக்கும் பங்கு வைத்த சந்தோசம், அவர்களுக்கும் காசு.

பொல்கொடைக் கரை எழுதியது:

திருப்பி விடுகிற மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கையால் பிடித்தால் மேலே இருக்கிற வழுவழுப்பு உரிந்து பிறகு புண் வரும். மண்ணில் போடவும் வேண்டாம். இரண்டு கையாலும் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தால் அதுவாகவே உதைத்துக்கொண்டு போகும்.

மண்புழுவை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம், வேனின் சூட்டில் செத்துவிடும். அங்கே கேட்டுவிட்டு வீட்டுத் தோட்டக் குப்பை மேட்டில் தோண்டினாலே கிடைக்கும், பொடியனுக்கும் அது நல்ல வேலை. புண்ணாக்கை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள்.

வெள்ளவத்தைக்காரன் எழுதியது:

அப்பா சம்மதித்துவிட்டார். சின்னப் பெட்டியாக மாற்றிவிட்டார், சங்கத்தாரிடம் என்ன விலை சொல்வார்கள் என்று இப்போதே கேட்கிறார். அவிசாவளை வழியாகத்தானே வர வேண்டும்? விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டால் எத்தனை மணிக்கு வந்து சேரலாம்?

டிக்கோயா மண் எழுதியது:

அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹற்றன். பிள்ளைக்குத் தலைசுற்று வருமென்றால் கினிகத்தேனைக்கு முன்னால் ஒரு தடவை நிறுத்து, அங்கிருந்து வளைவு கூட. வழியில் நின்று சாப்பிட்டு வந்தாலும் பத்து பத்தரைக்கு டிக்கோயாவில் நிற்கலாம். முதல் நாள் தடியை எடுக்காமல் கரையைச் சுற்றிப் பாருங்கள், பின்னேரம் புண்ணாக்கை எறியுங்கள். ஹற்றன் தாண்டியதும் இங்கே ஒரு வரி எழுது, என் தம்பி நோர்வூட்டில்தான் இருக்கிறான், அன்றைக்குத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அவனிடம் கேட்டுச் சொல்கிறேன்.